காப்பி எங்கே?

திரையில் இருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் எதையும் தொடவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன. மண்டையோடு போயிற்று. முதுகெலும்பு போயிற்று. நுரையீரலை இரண்டு கோப்பாகப் பிரித்து வைத்திருந்தாள். இரண்டும் அடுத்தடுத்துப் போயின. வைரஸ் என்று நினைத்து இணைய ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் ஃபோல்டர் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிட்டது.

செவிலியர் படிப்புக்கான உடற்கூறியல் பாடநூல் அது. தலையணை பருமன் வரும். எழுத்தை ஓட விட்டு, படத்தைப் பொருத்தி, ஒவ்வொரு எலும்புக்கும் கோடிழுத்துப் பெயர் போட்டு, பக்கம் பக்கமாகக் கட்டுவது அவள் வேலை. வீட்டில் இருந்தபடியே அச்சகத்துக்குச் செய்து கொடுப்பாள். இந்தப் புத்தகத்தை ஒழுங்காக முடித்தால் பக்க வடிவமைப்புப் பிரிவையே அவளிடம் தருவதாக அச்சகக்காரர் சொல்லியிருந்தார். அச்சகத்து மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் தங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். வேலையைவிட அவளுக்கு அந்த அறைதான் பெரிது. உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு.

கணவன் சாயங்காலம் வந்தான். சட்டையைக் கழற்றி மாட்டினான், முகம் கழுவினான், போனை மேசைமேல் அவள் பார்க்கும்படி வைத்தான். இன்று ஒரு அம்மா வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உன் கோப்பையெல்லாம் போனிலேயே அழித்தேன் என்றான். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டானாம். அச்சகக்காரரைக் கடைவீதியில் பார்த்ததாகவும், மாடி அறையைப் பற்றி அந்த ஆளே வாய்விட்டதாகவும் சொன்னான்.

"கை வச்சேனா? வைக்கலல்ல. அப்புறம் என்ன மூஞ்சி அது?"

சொன்ன பிறகு கையும் வைத்தான்.

தெருவே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அவனைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று பேர். புதிதாக வந்தவர்கள் வண்டியை நடைபாதையில் ஏற்றினாலும், குப்பை வண்டியின் பின்னால் கொண்டுபோய் முட்டினாலும், "பரவால்ல, மறுபடி எடுங்க" என்பான். நாள் முழுவதும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மிச்சம் இருப்பதோடு வீட்டுக்கு வருவான். அடித்து முடித்ததும் அழுவான். அழுது முடித்ததும் எதையாவது வாங்கி வருவான். போன வருஷம் அவளுடைய பழைய லேப்டாப்பைச் சுவரில் அடித்துப் பிளந்துவிட்டு, புதிது வாங்கி வந்து, அதைத் தன் கணினியோடும் போனோடும் தானே இணைத்தான். எல்லாம் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். "இனிமே எதுவும் தொலையாது" என்றான். அதை நம்பியதுதான் அவள் செய்த முட்டாள்தனம். அந்த வீட்டில் அவ்வளவு நாள் இருந்தும் நம்பினாள்.

பிழை திருத்த அனுப்பியிருந்த அத்தியாயங்கள் அச்சகத்தில் இருந்தன. கிட்டத்தட்டப் பாதிப் புத்தகம். மீதியை முதலில் இருந்து கட்ட வேண்டும். அச்சகக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவரும் வியாபாரி. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன், தப்பாக நினைக்காதே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குட்டி வந்தாள். மாஸ்டரின் தங்கை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்புக்கு வீட்டில் வைத்த பேர் குட்டி. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை. நகரத்து மறுகோடியில் தனியாக இருக்கிறாள். அண்ணன் குளிக்கப் போனதும் அண்ணியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். எலும்பு இல்லை, சதைதான் என்றாள். எக்ஸ்ரே படத்தைப் படிக்கிற தோரணையில் சொன்னாள். அவளுடைய தோள்பட்டையில் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அண்ணன் வைத்தது. அவள் பள்ளிக்கூடம் போகும்போது.

கோப்பு அழிந்த கதையைக் கேட்டுக் குட்டி சிரித்தாள்.

"கிளவுடுங்கிறது கண்ணாடி மாதிரி அண்ணி. நீங்க சிரிச்சா அதுவும் சிரிக்கும். உங்க பல்லு போனா அதுக்கும் போயிடும். அத போயி பேக்கப்னு நம்பிக்கிட்டு இருந்தீங்களா?"

தண்ணீர் விழுகிற சத்தம் நிற்பதற்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அண்ணி தான் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். வீட்டிலேயே ஒரு பெட்டி வைக்கலாமாம், எல்லாக் கணினியும் அதில் போய்த் தானாகவே நகல் வைக்குமாம். அண்ணன் கால் எட்டுகிற தூரத்தில் எதுவும் வேண்டாம் என்றாள் குட்டி. சரி, அவனுக்குத் தெரியாமல் வேறு பெயரில் இணையக் கணக்கு ஒன்று தொடங்கலாம், பழைய நகல்களையும் சேர்த்து வைக்கும், அழித்தாலும் மீட்கலாம் என்றாள்.

"அதுக்குப் பாஸ்வேர்ட் இருக்குமே. அத உங்ககிட்டருந்து வாங்க அண்ணனுக்கு எவ்வளவு நேரமாகும்?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆகாது என்றாள்.

ஆகவே சின்னதாக, லேசாக ஒன்று வேண்டும். படிக்கிறதுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, ஞாபகம் வைக்கவும் ஒன்றும் இருக்கக் கூடாது என்றாள் குட்டி. அடி வாங்கிக் கிடக்கிற அன்றைக்கும் செய்கிற மாதிரி இருந்தால்தான் அது செல்லும். கையகல ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று இங்கே, ஒன்று குட்டி வீட்டில். வேலை முடிந்ததும் சொருகு, ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடு, பிடுங்கு, ஒளித்து வை. ஞாயிற்றுக்கிழமை குட்டி வரும்போது இது அங்கே போகும், அது இங்கே வரும். அவ்வளவுதான். குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தபோது இருவரும் பருப்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்க்கை எங்கே ஒளிப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. மாதவிலக்குத் துணி இருக்கும் பாக்கெட்டுக்குள் வைத்தாள். எந்தக் கோபத்திலும் மாஸ்டர் கை வைக்காத ஒரே பொருள் அது. அவனுக்கும் ஒரு மரியாதை உண்டு.

காப்பி என்ற வார்த்தையை அவர்கள் திட்டம் போட்டு வைக்கவில்லை. ஒரு நாள் குட்டி போனில், நகலைத்தான் நினைத்து, காப்பி ஆச்சா அண்ணி என்று கேட்டாள். ஆச்சு என்றாள் இவள். சோபாவில் படுத்திருந்த மாஸ்டர், இந்நேரத்துக்கு என்ன காப்பி என்றான். இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். காப்பி போட்டுட்டேன். இன்னும் இறங்கலை, கொஞ்சம் ஆகும். முழுசா இருக்கா, தண்ணியா இருக்கா? முழுசா இருக்கு. ஒரு வாட்டி ருசி பாத்துடுங்க அண்ணி என்பாள் குட்டி. டிஸ்க்கில் இருந்து ஒரு கோப்பைத் திறந்து பார் என்று அர்த்தம். உங்கள் இரண்டு பேருக்கும் காப்பிப் பைத்தியம் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வான். அவன் எதிரிலேயே இவ்வளவையும் பேசுவதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு வேறு சுகம் இல்லை.

புத்தகம் வளர்ந்தது. அடியும் நிற்கவில்லை. சாப்பாட்டில் முடி இருந்ததற்கு ஒரு தடவை. முடி இல்லாததற்கு, அதாவது ஒன்றுமே இல்லாததற்கு, ஒரு தடவை. இடது காது ஒரு வாரம் இரைந்துகொண்டே இருந்தது. அந்த வாரம்தான் அவள் செவியின் உள்ளமைப்பைக் கட்டினாள். படத்தில் செவிப்பறைக்குக் கோடிழுத்தபோது தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விழுந்து கிடந்த அன்றும் எழுந்து போய் டிஸ்க்கைச் சொருகினாள். இழுத்துப் போட்டாள். பிடுங்கினாள். குட்டி சொன்னது சரி. அதற்கு மூளை தேவைப்படவில்லை.

கடைசி அத்தியாயங்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வர வேண்டிய மாணவன் வராததால் மாஸ்டர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். டிஸ்க் அப்போது சொருகியிருந்தது. சாவி திரும்புகிற சத்தத்தில் அவள் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். அவன் பார்க்கவில்லை. சோபாவில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். முதல் நாள் ராத்திரி முழுக்க அவளைத் தூங்க விடவில்லை அவன். திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய மனம் முழுவதும் அந்தக் கோட்டில் இருந்தது.

"காப்பி எங்கே?" என்றான்.

"குட்டி வீட்டுல" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. போடுறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாலை அடுப்பில் வைத்திருக்கலாம்.

அவன் முதலில் சிரித்தான். கண்ணைத் திறக்காமலே, என் காப்பி எதற்கு என் தங்கச்சி வீட்டில் இருக்கிறது என்றான். பதில் வராததுதான் அவனை எழுப்பியது. எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். துண்டுக்கடியில் இருந்து ஓர் ஒயர் வந்து லேப்டாப்பில் சொருகியிருந்தது. அதை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போய்த் துண்டைத் தூக்கினான். புதுப் பாதையைச் சொல்லிக் கொடுக்கிறவன் போல நிதானமாக இருந்தான். இத்தனை நாள் கேட்ட காப்பி எல்லாம் அவன் தலைக்குள் ஒவ்வொன்றாக இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"என் எதிர்லயே" என்றான். "என் எதிர்லயே பேசியிருக்கீங்கடி ரெண்டு பேரும்."

அவள் வலது கை இன்னும் விசைப்பலகைமேல் இருந்தது. அவன் லேப்டாப்பின் மூடியை அதன்மேல் மூடினான். மூடி, முழங்காலை வைத்து ஏறினான். முதலில் பிளாஸ்டிக் உடைகிற சத்தம் கேட்டது. அடுத்து வந்த சத்தம் பிளாஸ்டிக் இல்லை. அவளுக்கு எந்த எலும்பு என்று தெரியும், பெயரோடு தெரியும். நடுவிரலில் நடு எலும்பு, மோதிர விரலில் அதன் ஜோடி. கத்தினாள். அவன் முழங்காலை ஒரு தடவை எடுத்து மறுபடியும் வைத்தான்.

பிறகு டிஸ்க்கைச் சமையலறைத் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். உள்ளே இருந்த தட்டு கண்ணாடிச் சில்லாகச் சிதறும்வரை அடித்தான். லேப்டாப்பை இரண்டாகப் பிளந்து, பாதியை அவள்மேல் எறிந்தான். விளிம்பு நெற்றியைக் கிழித்தது. அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மனசுக்குள் ஒரே கணக்குதான் ஓடியது: போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருக்கிறது. அங்கே இருக்கிறது.

அவனுக்கும் அதே கணக்கு.

"எந்திரி. உன் காப்பியக் குடிச்சிட்டு வருவோம்."

தலைமுடியைப் பிடித்துப் படியிறக்கினான். எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று பார்த்தார். ஆஸ்பத்திரிக்கா மாஸ்டர் என்று கேட்டார். ஆமாங்க, கதவுல கை மாட்டிக்கிச்சு என்றான், அதற்குள் முடியை விட்டுத் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தான். பாத்துங்க என்றார் தையல்காரர். கார்க் கதவைக்கூடத் திறந்துவிட்டார்.

பயிற்சிக் கார். அவன் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான். அவளைத் தன்னுடைய வழக்கமான இடத்தில் தள்ளினான். அவள் இடது கையால் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். வேண்டும் என்று செய்யவில்லை, அவனோடு வண்டி ஏறினால் முதல் வேலை அதுதான், அப்படிப் பழக்கியிருந்தான். அவன் மாட்டவில்லை. வேகமாக எடுத்தான். கற்றுக்கொள்பவர்களை ஒருபோதும் ஓட்ட விடாத வேகம். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை மறுபடி அவள் முடியில். குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். தோளில் ஒரு தகடு போதவில்லை போலிருக்கிறது, இன்னொன்று வைத்துவிடலாம் என்றான். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவள் தலையைக் கண்ணாடியில் மோதினான், முற்றுப்புள்ளி வைக்கிற மாதிரி.

"வேண்டாம். திருப்பு வண்டிய" என்றாள்.

அவளுடைய வாயில் இருந்து அவனுக்கு ஒருமை வந்தது அதுதான் முதல் தடவை. அவனும் அதைக் கவனித்தான். என்ன சொன்ன என்று முழுதாக அவள் பக்கம் திரும்பினான்.

அவள் காலடியில் ஒரு பெடல் இருந்தது. கற்றுக்கொள்பவர்கள் தடுமாறும்போது அவன் மிதிக்கிற இரண்டாவது பிரேக். அவன் செருப்பு தேய்த்துத் தேய்த்து அதன் ரப்பர் வழவழப்பாகிவிட்டது. நேர்ச்சாலை. நடுவில் சிமென்ட் தடுப்பு. குட்டியின் வீட்டுக்கு இன்னும் இரண்டு திருப்பம். அவள் இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் வைத்து, முதுகை இருக்கையில் முட்டுக் கொடுத்து, நின்றாள் என்றே சொல்ல வேண்டும்.

டயர் ஊளையிட்டது. வண்டியின் பின்பக்கம் வெளியே வீசி, முன்பக்கம் தடுப்பில் போய் அறைந்தது. அவன் முகம் ஸ்டியரிங்கில் விழுந்த சத்தமும் அதுவும் ஒன்றாகக் கேட்டன. பெல்ட் அவள் மார்பை அறுத்தது. பின்னால் வந்த வேன் நிறுத்த முடியாமல் இன்னொரு முட்டு முட்டியது. அப்புறம் ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது, அவன் நெஞ்சு அதன்மேல் கிடந்ததால்.

அவள் இறங்கினாள். சுற்றிப்போய் அவன் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். மூக்கு இருந்த இடம் தட்டையாக இருந்தது. முன்பல் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்தது. ஒரு கால் பெடல்களுக்குள் மடங்கிச் சிக்கியிருந்தது, மடங்கக் கூடாத பக்கமாக. மூச்சு இருந்தது, குமிழி குமிழியாக வந்தது. கண் திறந்து அவளைப் பார்த்தது. என்னமோ சொல்ல வாயெடுத்து ரத்தத்தைத் துப்பினான்.

வேன்காரன் ஓடி வந்தான். கூரைமேல் இருந்த பலகையைப் படித்துவிட்டு, இவன் ஓட்டவா சொல்லித் தருகிறான் என்றான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

குட்டிக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவள் கையைப் பிடித்துப் பார்த்து, இரண்டு என்றாள். ஒரு மரக்கரண்டியை வைத்துத் துணியால் கட்டினாள். வாங்க, என் இடத்துலயே படம் எடுத்துடலாம் என்றாள்.

"மொதல்ல அதத் திறந்து காட்டு."

குட்டி அலமாரியில் இருந்து டிஸ்க்கை எடுத்துத் தன் கணினியில் சொருகினாள். அது சுழல ஆரம்பிக்கிற மெல்லிய சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சுவிடவில்லை. ஃபோல்டர் திறந்தது. மண்டையோடு இருந்தது. முதுகெலும்பு இருந்தது. நுரையீரல் இரண்டு பாகமும் இருந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். கடைசியாகச் செய்த சிறுநீரகமும் தோலும் இல்லை. அவை சமையலறைத் தரையில் சில்லாகக் கிடக்கின்றன. பரவாயில்லை. பாடம் தலையில் இருக்கிறது, மறுபடியும் கட்டலாம். நடந்ததை அப்போதுதான் சொன்னாள். பிரேக்கை மிதித்ததையும் சொன்னாள். பெடல், தடுப்பு, வேன் என்று வரிசையாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். குட்டி கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்திருந்தாள்.

போன் அடித்தது. அண்ணன் என்று வந்தது. பேசியது யாரோ செவிலியர். தங்கச்சிதான் என்றாள் குட்டி. உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. அது என்ன என்று அண்ணிக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

"கால் ஒடஞ்சா தகடு வைப்பாங்க, பழகிடும்" என்றாள் குட்டி போனில். "நான் நாளைக்கி வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் தன் தோளைத் தடவிக்கொண்டாள்.

ஒரு நகல் குட்டியின் கணினியில் இறங்கியது. டிஸ்க் இங்கே இருக்கக் கூடாது என்றாள் அண்ணி. எழுந்து நடக்க முடிகிற அன்று அவன் முதலில் வருவது இந்தக் கதவுக்குத்தான். குட்டியும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்; பூட்டை மாற்றணும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். டாக்ஸி பிடித்தார்கள். முதலில் என் இடத்துக்குப் போய்க் கையைக் காட்டிவிடலாம் என்றாள் குட்டி, அச்சகம் அதற்கு எதிர்த்திசை. அச்சகத்துக்கே போகச் சொன்னாள் அவள். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்க்கை மடியில் வைத்திருந்தாள்.

அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நெற்றி, மரக்கரண்டி கட்டிய கை, சட்டையில் காய்ந்திருந்த ரத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. போலீசுக்குப் போகலையா என்றார். போவேன் என்றாள். பிரேக்கை மிதித்தது நான்தான், அதையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றாள். இதனால் அச்சகத்துக்குத் தொல்லை வரலாம், அவன் இங்கேயும் வரலாம் என்றும் சொன்னாள். இதையெல்லாம் மறைத்து அந்த அறையை வாங்கிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு அத்தியாயம் கொறையுது. இடது கையால செஞ்சாவது முடிச்சிக் குடுத்துடுவேன். ரூம் இன்னும் காலியாத்தானே இருக்கு?"

அவர் டிஸ்க்கை எடுத்து உள்ளே போனார். தன் கணினியில் சொருகி, இரண்டு மூன்று அத்தியாயங்களைத் திறந்து பார்த்தார். அவர் பக்கம் புரட்டுவது கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது. ஒரு படத்தைப் பெரிதாக்கி, மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது, தொடை எலும்பில் ஒரு பெயர் தப்பாக விழுந்திருக்கிறது என்றார். திருத்திடுறேன் என்றாள்.

இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். அவள் வலது கையை நீட்டினாள், விரல் மடங்கவில்லை. குட்டி எடுத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தாள்.